ஆணியில் தொங்கிய 29 டிகிரி

எழுந்ததும் பல் தேய்க்கும் முன், பழைய ஃப்ரீசரை வைத்து நானே செய்த என் பீர்ப் பெட்டியின் மேல் மின்னும் டிகிரி எண்ணைப் பார்ப்பது ஒரு மாதமாக வழக்கமாகிவிட்டது. எப்போதும் 4க்கும் 5க்கும் நடுவில் நிற்கும். அலுவலக வேலையாக இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு, சனி இரவு வந்து படுத்து, ஞாயிறு காலை பார்த்தால் 29.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். 29தான். உள்ளே கெக்கில், அதாவது பீர் நிரப்பும் உலோக உருளையில், 16 லிட்டர் பீர்.

"போச்சு, ஃப்ரீசர் போச்சு!" என்று கத்தினேன்.

"எது? நம்மளுதா, உங்களுதா?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

என்னுடையது என்றதும் புரண்டு படுத்துவிட்டாள்.

அந்தப் பெட்டியை எப்படிச் செய்தேன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. அதனால் இங்கே சொல்லியே தீருவேன். பெட்டி ஃப்ரீசர் என்பது மைனஸ் 18 டிகிரிக்கென்றே பிறந்த ஜந்து. மிதம் என்பதே தெரியாது. பீரை அப்படியே உள்ளே வைத்தால் பாறையாக்கிவிடும். ஆகவே வெளியே தனியாக ஒரு கன்ட்ரோலர். ஃப்ரீசரின் பிளக்கை அதில் செருகிவிட்டால், ஒயர் நுனியில் சூட்டை அளக்கும் அதன் சென்சார் 5 டிகிரியைத் தாண்டும்போது மின்சாரம் விடும், 4க்கு இறங்கியதும் நிறுத்தும். நின்ற கையோடு திரும்ப ஓடினால் கம்ப்ரசருக்கு ஆகாது என்பதால் நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வு வேறு. எனக்கு அந்த ஓய்வு கிடையாது.

அடுத்து, பீர் வரும் குழாய்க்கு ஓட்டை போட வேண்டும். மச்சான் டிரில்லிங் மெஷினோடு வந்து நின்றான். அவனைத் தெரிந்தவர்களுக்கு என் பயம் புரியும். பெட்டியின் பக்கச் சுவருக்குள்தான் குளிர்வாயு ஓடும் குழாய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் பிட் பட்டால் வாயு போய்விடும், அப்புறம் அது போர்வை மடித்து வைக்கத்தான் உதவும். "மெதுவா போடறேன் மாமா" என்றான். அவன் மெதுவாகச் செய்த காரியம் எதுவும் எனக்கு நினைவில்லை.

அதனால் சுவரைத் தொடவே விடவில்லை. மூடியைக் கழற்றி, பெட்டிக்கும் மூடிக்கும் இடையில் அரை அடி உயரத்துக்கு மரச்சட்டம் ஒன்றைச் சிலிகான் பூசி ஒட்டினோம். ஓட்டையெல்லாம் மரத்தில்தான். ஆசை தீர நான்கு போட்டான். இருப்பது ஒரே ஒரு கெக். மீதி மூன்று குழாய்களும் அழகுக்கு.

குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடும். மேலே குழாய்ப் பக்கம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முதல் கிளாஸ் முழுக்க நுரைதான். அதற்காகப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய சின்ன விசிறியை உள்ளே ஓடவிட்டேன். பீர் போகும் டியூபும் குறுகலாக, நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வழியிலேயே வேகம் அடங்கி வரும். முதலில் ஒன்றரை மீட்டர் வைத்தேன். திறந்ததும் மூத்தவளின் கணக்கு நோட்டு நனைந்தது. பிறகு மூன்று மீட்டராக்கினேன். அந்த வாசனைக்குப் பள்ளியில் அவள் என்ன காரணம் சொன்னாளோ, நான் கேட்கவில்லை.

இதிலெல்லாம் எனக்கே என்மேல் மரியாதை வந்த இடம் சென்சார்தான். காற்றில் தொங்கவிட்டால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது பதறி கம்ப்ரசரை ஓடவைக்கும். பீர் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. ஆகவே ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, சென்சாரை அதில் மூழ்கவிட்டு, கெக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீரும் பீரைப் போலவே நிதானமாகச் சூடாகும், நிதானமாகக் குளிரும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அந்தப் பாட்டிலைக் காட்டியிருக்கிறேன்.

சரி, 29க்கு வருவோம். கம்ப்ரசர் பக்கம் கை வைத்தேன், சுட்டது. ஓடுகிறது, ஆனாலும் 29. அப்படியென்றால் வாயு கசிந்துவிட்டது. அப்படியென்றால் மச்சானின் நாலாவது ஓட்டைதான் காரணம். போன் போட்டு அவனைத் திட்டினேன். "மரத்துல தானே மாமா போட்டேன்" என்றான். எதிர்த்துப் பேசாதே என்றேன். பிறகு மெக்கானிக்கை அழைத்தேன். அவர் வரும் வரை யாரும் மூடியைத் திறக்கக் கூடாது, இருக்கிற கொஞ்சநஞ்சக் குளிரும் போய்விடும் என்று வீட்டுக்கே உத்தரவு.

மெக்கானிக் வந்தார், மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரே வெள்ளை. விசிறி, சட்டம், டியூப் எல்லாம் உறைபனி பிடித்து நின்றன. என் புகழ்பெற்ற பாட்டில் வெடித்துக் கிடந்தது. கெக்கைத் தட்டிப் பார்த்தார், அம்மிக்கல்லைத் தட்டிய சத்தம்.

"சார், ஃப்ரீசர் நல்லாத்தான் இருக்கு. ரொம்பவே நல்லா இருக்கு."

அப்புறம் சுவரைப் பார்த்தார். காலண்டர் மாட்டும் ஆணியில் கறுப்பு ஒயர் ஒன்று, சீராகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன சார்?"

இரண்டு நாளாக அறையின் சூட்டை அளந்து, "இன்னும் குளிரவில்லை, இன்னும் குளிரவில்லை" என்று கம்ப்ரசரை விரட்டிக்கொண்டிருந்த என் சென்சார்.

எங்கள் வீட்டில் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டுகிற ஆள் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா. "கரண்ட் ஒயரைத் தண்ணி பாட்டிலுக்குள்ள போட்டு வெச்சிருக்கே. பசங்க கை வெச்சா என்ன ஆகும்? தொடச்சுக் காய வெச்சு மாட்டினேன்."

அதில் ஓடுவது கை வைத்தாலும் உணர முடியாத அளவுக்குச் சின்ன மின்சாரம் என்று விளக்கினேன்.

"சின்ன வயசுல பிளக்குல ஹேர்பின்னைச் சொருகினப்பவும் இப்படித்தான் விளக்கினே."

ஒயரைச் சுட்டிக்காட்டியதற்குக் கூலி வாங்கிக்கொண்டு மெக்கானிக் கிளம்பினார். வாசலில் அம்மாவுக்கு ஒரு வணக்கம் வேறு.

தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும். 19 லிட்டர் கெக்கில் சோம்பல்பட்டு 16 லிட்டரோடு நிறுத்தியிருந்தேன், அதுதான் கெக்கைக் காப்பாற்றியது. வால்வை இழுத்துவிட்டேன், மேலே சேர்ந்திருந்த வாயு சீறிக்கொண்டு போனது. இரண்டு நாள் வெளியே வைத்து உருகவிட்டேன். திட்டு வாங்கிய மச்சான் கோபத்தோடு வந்தான், ஆனால் கையோடு கிளாஸும் கொண்டு வந்திருந்தான். முதலில் உருகி வருவதில் தண்ணீர் கம்மி, ஆல்கஹால் ஜாஸ்தி. இதை அவனிடம் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகுதான் சொன்னேன். என்னை மன்னித்துவிட்டதாகப் பதினோரு முறை சொன்னான்.

இன்று மதியம் கூட்டத்தில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். ஏதோ அவசரம் என்று வெளியே ஓடினேன்.

"நாலு புள்ளி ரெண்டு காட்டுது. மிஷின் ஓடலை. சரியா?"

"சரிம்மா."

"காலையில நாலு புள்ளி ஏழு இருந்துது. அப்ப ஓடிச்சு. உனக்குச் சொல்ல மறந்துட்டேன்."

சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தேன். புது பாட்டில். ஒயர் நழுவாதபடி வாயில் துணியைச் சுற்றி, அதே ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுப் போட்டிருக்கிறாள். பாட்டில்மேல் ஒரு காகிதம், அவளுடைய கோணல் எழுத்தில்: "யாரும் எடுக்காதே. ஷாக் அடிக்காது."