படாடோபம் என்று நான் சொன்னது

"ஏன் ஐயா, ஒரு காதுகுத்துக்கு இவ்வளவு படாடோபம்?" என்று கேட்டேன். கேட்ட தொனியில் ஏளனம் இல்லை என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லி வருகிறேன். சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி கேட்டவன் அதை எப்படி அடித்துச் சொல்வது?

அவர் பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளி விவசாயி, எங்கள் அச்சகத்துக்கு அழைப்பிதழ் அடிக்க வந்தவர். 'வரலாறு காணாத மாபெரும் காதணிப் பெருவிழா' என்று அவர் எழுதிக் கொடுத்திருந்த தலைப்பில் முதல் இரண்டு சொற்களை அடித்தேன். 'பெருவிழா' இருக்கும்போது 'மாபெரும்' எதற்கு என்று அதையும் அடித்தேன். பிழைதிருத்துபவனாக நான் செய்தது சரிதான். படாடோபம் என்றால் என்ன என்று அவர் கேட்டார். தெரியாமல் கேட்டாரா, என் வாயால் வரட்டும் என்று கேட்டாரா என்பது இன்னும் பிடிபடவில்லை.

சொற்களின் பூர்வீகம் சொல்லக் கிடைத்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. 'ஆடம்பரம்' வடமொழியில் ஒரு முரசின் பெயர், அதன் முழக்கத்திலிருந்தே பகட்டு என்ற பொருள் வந்தது என்று தொடங்கினேன். வஞ்சகத்தைக் குறிக்கும் 'டம்பம்' என்ற சொல்லின் வழிவந்ததுதான் 'டாம்பீகம்' என்றேன். 'படா' என்பது பாம்பின் படம், 'ஆடோபம்' என்பது புடைத்துப் பெருத்தல், ஆகவே படமெடுத்துப் பெரிதாகக் காட்டுவதே படாடோபம் என்று முடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விஷமில்லாத பாம்பும் படமெடுக்கும் என்று பஞ்சதந்திரத்தில் ஒரு சுலோகம் வருவதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் புரூஃபைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தக்காளிச் செடியைத் தொட்டுத் தொட்டுப் பச்சையும் கறுப்புமாகக் கறையேறிய விரல், நான் அடித்த சொற்களின் மேல் சற்று நேரம் நின்றது.

"விஷமில்லைன்னு தெரிஞ்சா மிதிச்சிட்டுப் போயிடுவாங்களே சார்" என்றார். பிறகு, "நீங்க திருத்துன மாதிரியே அடிச்சிடுங்க" என்று முன்பணத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

அன்றிரவு ஔவையைத் துணைக்கு அழைத்தேன். புறநானூற்றின் 95ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன. இன்றைய தருமபுரியான எங்கள் தகடூரை ஆண்ட அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அலங்காரத்தை மதிக்காத மண்ணில் பிறந்தவன் நான் என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன இடத்தில் ஔவை அப்படிச் சொன்னதும் ஒரு மிரட்டல்தானே என்ற எண்ணம் உடனே குறுக்கே வந்தது. முனை மழுங்கிய வேலைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள, அதற்கு முன் அந்த வேலால் நாலு போரை வென்றிருக்க வேண்டும்.

சுலோகத்தையும் முழுதாக எடுத்துப் பார்த்தேன். விஷமற்ற பாம்பும் பெரிதாகப் படமெடுக்கத்தான் வேண்டும். விஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விரிந்த படம் அச்சுறுத்தும் என்கிறது அது. நான் கேலிக்கு எடுத்தாண்ட வரி, எளியவனுக்குச் சொன்ன யோசனையாக இருந்தது. சுலோகம் படிக்காதவர் அதன் மிச்சத்தை எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இருந்தாலும், தக்காளி விலை போகாமல் ரோட்டோரம் கொட்டும் ஊரில் ஃபிளக்ஸ், சாரட்டு வண்டி என்று கடன் வாங்குவதை யாராவது ஒருவர் தடுக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் நான் தடுத்தது கடனை அல்ல. காசு செலவில்லாத மூன்று சொற்களை. ஃபிளக்ஸுக்கான ஆர்டரை மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டேன். படாடோபம் ஒழிந்தால் எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் நாள் உட்கார்ந்ததும், "போன விசேஷத்துக்குச் சாதாரணமா கார்டு அடிச்சோம், பங்காளிங்க யாருமே வரல" என்று அவர் சொல்லியிருந்தார். நான் அப்போது காகிதத்தின் தடிமனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் மறுபடி வந்தார். இளைய பேரனுக்குக் காதுகுத்து. தேதி, மண்டபம், தாய்மாமன் பெயர், இவை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தன. "மத்ததை நீங்களே எழுதிடுங்க சார்" என்றார். சீட்டு மேசைமேல் இருக்கிறது. தலைப்புக்கான இடத்தில் 'காதணி' வரை எழுதியிருக்கிறேன்.