இலவசப் பதிவுக்கு 1,800 ரூபாய், தப்பான தேதிக்கு இரண்டு லட்சம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதார், பான், ஆதாரோடு இணைந்த கைபேசி, இவ்வளவுதான் வேண்டும். அரசு இணையதளத்தில் அரை மணி நேர வேலை. அதற்கு நான் 1,800 ரூபாய் கொடுத்தேன். காசு போனது கூடப் பரவாயில்லை. அந்த பிரவுசிங் சென்டர் பையன் அடித்த ஒரு தேதிதான் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

பாம்பன் பக்கம் எங்கள் வீடு. மாமி முப்பது வருஷமாகக் கடல்பாசி எடுக்கப் போகிறார். கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டில், நாங்கள் பார் என்போம், இறங்கினால் கையும் காலும் கிழியும் என்பதால் மாமாவின் பழைய வேட்டியைப் பட்டையாகக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்வார். சேலைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஈரத் துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரிப்பார். உள்ளே விரல் நுனி ஊறி வெளுத்திருக்கும், அதில் புதுக் கீறல் இரண்டு மூன்று சிவப்பாகத் தெரியும். நாத்தனார் திருப்பூரில் நாலு வருஷம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவள். "அண்ணி, இதுக்கு ஒரு உறை தச்சா என்ன?" என்று அவள் கேட்டதில் ஆரம்பித்ததுதான் எல்லாம். சீக்கிரம் காயும் துணியில் முழுக்கைச் சட்டை, தொடையோடு ஒட்டாத கால்சட்டை, நியோபிரீன் என்ற ரப்பர் துணியில் விரலுறை, இடுப்பில் கட்டும் வலைப்பை. பாசிக்குப் போகிறவர்கள், நண்டு வலை கழற்றுகிறவர்கள், கரைவலை இழுக்கிறவர்கள் என்று மூன்று தரப்புப் பெண்களுக்காகவும் யோசித்தோம்.

துணி வாங்கியது, தைத்தது, தெருவில் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தது எல்லாம் இரண்டு மாதத்தில் முடிந்தது. அப்புறம்தான் காகிதம்.

புதுத் தொழில் தொடங்க மானியத்தோடு வங்கிக் கடன் தரும் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், நம் கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். ஆறு லட்ச ரூபாய்க்குத் திட்ட அறிக்கை தயார் செய்தோம். கிராமப்புறச் சான்று, ஜாதிச் சான்று, மார்க் ஷீட் எல்லாம் சரி. ஃபைலோடு ராமநாதபுரத்தில் அதற்கான அலுவலகத்துக்குப் போனேன். ரயில் பாலம் மூடியிருந்த சமயம், பஸ்தான். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்த நாள் வேறு. பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக மழை உள்ளே அடித்ததில் ஃபைலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஃபைலைப் புரட்டி உத்யம் சான்றில் விரலை வைத்தார். "தொழில் ஆரம்பிச்சது 2021-ன்னு இருக்கே? இது புதுத் தொழிலுக்கு மட்டும் உள்ள திட்டம்மா." எனக்கு ஒன்றும் புரியவில்லை. சான்றை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். உற்பத்தி தொடங்கிய தேதி என்ற இடத்தில் 2021 என்று இருந்தது. 2021-ல் எங்களிடம் ஊசிகூடக் கிடையாது.

திரும்பி வந்து அந்தப் பையனிடம் கேட்டேன். "பழைய தேதி போட்டா லோன் ஈஸியா கிடைக்கும்க்கா, எல்லாருக்கும் அப்படித்தான் போடுறேன்" என்றான். உதவி செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமலும் இருக்க முடியவில்லை. தேதியைத் திருத்திக்கொண்டு மறுபடி போனேன். "மானியத்துக்காக மாத்தின மாதிரி இருக்கு" என்று ஃபைல் அப்படியே திரும்பி வந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் கொடுமை. ஆறு லட்சத்துக்கு 35 சதவீதம் என்றால் 2,10,000 ரூபாய்.

அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு மெஷின் வாங்கியிருக்கலாம் என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். பி.எம்.இ.ஜி.பி.க்குப் போகிறவர்கள் எதையும் பதிவு செய்வதற்கு முன்னால் ஃபைலோடு ஒரு தடவை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். வீட்டுக்காரர் பேரில் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அலையவே வேண்டாம்.

அடுத்து முத்ரா, சிறு தொழிலுக்கு வங்கி தரும் கடன். 50,000-லிருந்து 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு, அடமானம் கேட்கக் கூடாது. வங்கி மேலாளர் முதல் நாள், "மீன் பிடிக்கிற பொம்பளைங்களுக்குச் சட்டையா? யார் வாங்குவா?" என்று சிரித்தார். இரண்டாவது தடவை மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமி ஒன்றும் பேசவில்லை. வலது கையை எடுத்து மேஜை மேல் விரித்து வைத்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் கொட்டேஷனில், அதாவது மெஷினுக்கு விற்பவர் எழுதித் தரும் விலைத் தாளில், மாட்டினேன். பழைய மெஷின் விற்பவர் வெறும் தாளில் எழுதிக் கொடுத்ததை எடுத்துப் போனேன், ஜி.எஸ்.டி. எண் இல்லை, செல்லாது. சரியானதை வாங்கி வருவதற்குள் மேலாளருக்கு மாறுதல் வந்துவிட்டது. புதியவர், கொட்டேஷன் தேதி பழசு, புதுசாக வாங்கி வாருங்கள் என்றார். கடைசி நேரத்தில் கொட்டேஷன் வாங்குங்கள், முதலில் வாங்கி வைத்தால் காகிதம் செத்துவிடும். மூன்று லட்சம் வந்தது.

ஜி.எஸ்.டி. எங்களுக்கு வேண்டியதில்லை என்றுதான் இருந்தோம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்றால் வருஷத்துக்கு 40 லட்சம் வரை கட்டாயமில்லை. காரைக்காலிலிருந்து 40 சட்டை கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நாகப்பட்டினத்துக்கு அனுப்பினால் ஒன்றுமில்லை, அதைத் தாண்டிப் பக்கத்திலேயே இருக்கும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அது வெளிமாநில விற்பனை. எண் இல்லாமல் அனுப்ப முடியாது.

விண்ணப்பித்தால் தொழில் நடக்கும் இடத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். கரண்டு பில் போட்டேன். பில் இன்னும் மாமாவின் அப்பா பேரில் வருகிறது, அவர் இறந்து பதினெட்டு வருஷம். விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது, ஏழு வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் பார்க்கவில்லை. மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள்? நிராகரித்துவிட்டார்கள். இரண்டாவது தடவை மாமா பேரில் இருக்கும் வீட்டு வரி ரசீதும், அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் வைத்தேன். கொழுந்தன் தினமும் காலையில் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பது என்று வேலை பிரித்தோம். வந்துவிட்டது. கரண்டு இணைப்பின் பேரை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் தொழில் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். நாங்கள் வாரிசுச் சான்றுக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

பிராண்டு பேரைப் பதிவு செய்ததில் மட்டும் ஒரு சிக்கலும் இல்லை. வணிகக் குறிப் பதிவில் உடைக்கு 25-ம் வகுப்பு, சிறு தொழில் என்பதால் 4,500 ரூபாய் கட்டணம். இங்கே அந்த உத்யம் சான்று உதவியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காகிதத்தையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி, சரக்கிலும் அடி வாங்கினோம். முதல் சட்டைக்குக் கழுத்தில் உலோக ஜிப் வைத்திருந்தோம், பார்க்க நன்றாக இருந்தது. ஒன்பதாவது நாள் மாமி கடலிலிருந்து வந்து, "இதைக் கழட்டு, மூச்சு முட்டுது" என்றார். உப்புப் பூத்து ஜிப் கழுத்தடியில் இறுகிவிட்டது. எண்ணெய் விட்டும் அசையவில்லை. கடைசியில் கத்தரிக்கோலால் கழுத்தை வெட்டித்தான் சட்டையைக் கழற்றினோம். அடுத்து பிளாஸ்டிக் பல் ஜிப் வாங்கினோம், அதிலும் ரன்னர், அதாவது மேலும் கீழும் இழுக்கும் பிடி, உலோகம். பல் மட்டும் பிளாஸ்டிக்காக இருந்தால் போதாது, ரன்னரையும் பார்த்து வாங்க வேண்டும். இப்போது ஜிப்பே வேண்டாம் என்று தலை நுழையும் அகலத்துக்குக் கழுத்தை வைத்து நாடா கட்டிவிட்டோம். கடற்காற்றில் தையல் ஊசியும் துருப்பிடிக்கிறது, பிரித்த பாக்கெட்டை அரிசி டப்பாவில் போட்டு வைக்கிறோம்.

கடன் வாங்குகிறவர்கள் தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் பேசிவிடுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுக்குத்தான் என்றாலும் ஊரில் காசுப் புழக்கமே நின்றுவிடும், யாரும் சட்டை வாங்க மாட்டார்கள். புது மேலாளரிடம் காலண்டரைக் காட்டிக் கேட்டதில் முதல் தவணையை ஜூலைக்குத் தள்ளிக் கொடுத்தார். மற்ற எல்லாவற்றுக்கும் ஆறேழு தடவை நடந்தேன், இதற்கு மட்டும் ஒரே தடவைதான்.