கொல்லிமலை ஏற்றமும் ஜிபிஎஸ் கருவியும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறும்போது, ஹேண்டில்பாரில் பொருத்திய ஜிபிஎஸ் கருவியில் நான் வேகத்தைப் பார்ப்பதே இல்லை. சரிவு விழுக்காடுதான், அதாவது 100 மீட்டர் தூரத்துக்குச் சாலை எத்தனை மீட்டர் உயர்கிறது என்பதுதான், எனக்கு முக்கியம். அந்த எண் 6-லிருந்து 9-ஐ நோக்கி ஏறத் தொடங்கியதுமே, கால் கடுக்கும் முன் கியரைக் குறைத்துவிட முடிகிறது.

என் கருவி காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிப்பதால், மழையில் அதன் சிறு துளையை நீர் அடைத்துக்கொண்டால் சமதளத்திலும் ஏற்றம் காட்டும். துடைத்து உலரவிட்டால் சரியாகிவிடும். மரங்கள் அடர்ந்த வளைவுகளிலோ செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறி, தூரமே பிசகிப் பதிவாகிறது. ஆகவே, சக்கரத்தின் ஹப்பில் (நடுப்பகுதியில்) மாட்டி, அதன் சுற்றுகளை எண்ணித் தூரத்தைக் கணக்கிடும் வேக சென்சாரை மலையேறும் நண்பர்கள் அவசியம் வாங்கிக்கொள்ள வேண்டும்.