கொழும்பு ஒல்லாந்தரிடமே இருந்திருந்தால்

இலங்கையில் ஒல்லாந்தர் நிலைத்திருந்தால் என்று கற்பனை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும், பிரித்தானியர் தீவைப் பிடிக்கத் தொடங்கிய 1795இல்தான் கைவைப்பார்கள். சுவிஸ் கூலிப்படை கட்சி மாறாவிட்டால் கொழும்புக் கோட்டை தப்பியிருக்குமாம். கதைக்கு நல்ல இடம்தான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக 1781இல் திரட்டிய ரெஜிமெண்ட் அது. அதன் சொந்தக்காரரான த மெரோன் பிரபு இருந்ததோ சுவிஸ் பக்கத்து நொஷாத்தலில். ஹியூ கிளெக்ஹோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் அங்கேயே போய், 1795 மார்ச் 30இல் ஒப்பந்தம் எழுதி, படையை ஒட்டுமொத்தமாகப் பிரித்தானியாவுக்கு மாற்றினார்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின் உயிரே சம்பளப் பாக்கிதான். கிளெக்ஹோர்னைக் கதையிலிருந்து எடுத்துவிட்டாலும் கம்பனி வைத்த பாக்கி அப்படியே கிடக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் திருகோணமலை பிரித்தானியர் கைக்குப் போனது, செப்டெம்பரில் யாழ்ப்பாணமும் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையும். ஒல்லாந்தோ பிரெஞ்சுப் படையின் பிடியில். உதவிக் கப்பல் எங்கிருந்து வரும்? சுவிஸ் படை நின்றிருந்தால் 1796 பெப்ரவரிச் சரணாகதி சில மாதம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

பிரித்தானியாவோடு மூண்டு கம்பனியை முறித்த 1780 போரையே தடுக்கலாம் என்பார்கள் சிலர். அமெரிக்கத் தூதர் ஹென்றி லோரன்ஸ் கடலில் எறிந்த, ஒல்லாந்தரோடு பேசிய உடன்படிக்கையின் நகல் இருந்த காகிதப் பை மூழ்காமல் பிரித்தானியர் கையில் சிக்கியது, அது மூழ்கியிருந்தால்? போருக்கு அந்தப் பை வெறும் சாக்குப்போக்கு. அமெரிக்கருக்கு வெடிமருந்து விற்ற வியாபாரம் நிற்காதவரை போரும் நிற்காது.

நான் மாற்றுவது அந்தப் போரை முடித்த 1784 சமாதானத்தை. மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது, திறந்த கடல்தான். ஒக்டோபரில் வடகீழ்ப் பருவக்காற்று கிளம்பினால் பிரித்தானியக் கப்பற்படை பம்பாய்க்கு ஓடவேண்டும். அந்தக் கரையில் ஒதுங்க உருப்படியான இடம் திருகோணமலை ஒன்றே. 1782 ஜனவரியில் பிரித்தானியர் அதைப் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனிடம் இழந்தார்கள். சமாதானத்தில் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைக் கொடுத்துத் திருகோணமலையைக் காத்துக்கொண்டார்கள். இதைத் தலைகீழாக்குங்கள்.

அப்போதும் 1796இல் கொழும்பு விழும். அதை மறைக்க வேண்டாம். ஆனால் 1802 அமியேன் உடன்படிக்கையில் ஒல்லாந்தரிடம் பிடித்த எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்த பிரித்தானியா, இலங்கையை மட்டும் வைத்துக்கொண்டது. திருகோணமலை ஏற்கெனவே கையில் இருந்தால், கறுவாவுக்காக மட்டும் கொழும்பைப் பிடித்து வைக்க அவ்வளவு அவசியமில்லை. மறுபடி பிடித்தாலும், 1814இல் ஜாவாவைப் போலத் திரும்பியிருக்கும்.

கண்டிக்கு இது யோகம். 1766 உடன்படிக்கையில் ஒல்லாந்தரிடம் கரை முழுவதையும் இழந்த அரசுக்கு, பேரம் பேச இரண்டு அயலவர். கண்டி பிரித்தானியரிடம் விழுந்த 1815 அவ்வளவு சுலபமாக வந்திராது. மலைநாட்டில் கோப்பி வந்தாலும், தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவர ஒல்லாந்தர் பிரித்தானியாவிடம் கையெழுத்து வாங்கவேண்டும். தென்னமெரிக்காவில் தங்கள் குடியேற்றமான சூரினாமுக்கு 1870இல் அப்படித்தான் செய்தார்கள். அங்கே போன இந்தியத் தொழிலாளர் பிரித்தானியக் குடிகளாகவே இருந்தார்கள், பிரித்தானியக் கொன்சலிடம் முறையிடும் உரிமையும் இருந்தது. கண்டிச் சீமைத் தோட்டங்களில் கங்காணிக்கு மேலே அப்படியொருவர் இருக்கவில்லை.