கரை ஒதுங்கிய ஆமையை எப்படி அளப்பது?

தனுஷ்கோடியிலோ கீழக்கரையிலோ ஓர் ஆமை ஒதுங்கினால், "ராட்சத ஆமை" என்ற பெயரில் அன்றே படம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் அது பங்குனி ஆமைதான். ஓடு 60 முதல் 70 செ.மீ., எடை 35 முதல் 45 கிலோ. உலகின் ஏழு கடலாமை இனங்களில் மிகச் சிறிய இரண்டில் இதுவும் ஒன்று.

ராட்சதம் என்ற சொல் ஏழுவரி ஆமைக்கே பொருந்தும். தோணி ஆமை என்றும் சொல்வார்கள். ஓடு ஒன்றரை மீட்டரை எட்டும். 300 முதல் 500 கிலோ சாதாரணம். 1988இல் வேல்ஸின் ஹார்லெக் கரையில் ஒதுங்கிய ஆண் ஆமை 916 கிலோ இருந்தது. நம் பக்கம் இது அபூர்வம். இந்தியாவில் இது முக்கியமாக முட்டையிடுவது அந்தமான் நிக்கோபாரில்.

கெட்டி ஓடு உள்ளவற்றில் பேராமைதான் பெரியது: ஏறத்தாழ ஒரு மீட்டர், 110 முதல் 190 கிலோ. பெருந்தலை ஆமை அதற்குச் சற்றுக் கீழே. அழுங்காமை 65 முதல் 90 செ.மீ.

ஆனால் பாக் விரிகுடாவில் தாழை எனப்படும் கடற்புல்லை மேயும் இளம் பேராமை, வளர்ந்த பங்குனி ஆமையின் அளவே இருக்கலாம். அளவை மட்டும் பார்த்து இனம் சொல்வது இங்கேதான் தவறிப்போகிறது. ஓட்டின் நடுவரிசைக்கு இருபுறமும் உள்ள பக்கத் தகடுகளை எண்ணுங்கள். நான்கு ஜோடி என்றால் பேராமை அல்லது அழுங்காமை. கண்களுக்கு நடுவே, மூக்குக்கு மேலே ஒரு ஜோடிச் செதில் இருந்தால் பேராமை, இரண்டு ஜோடி இருந்தால் அழுங்காமை. பக்கத் தகடு ஐந்து ஜோடி என்றால் பெரும்பாலும் பெருந்தலை. ஆறும் அதற்கு மேலும் பங்குனி ஆமை. அதில் இடமும் வலமும் எண்ணிக்கை ஒத்துப்போகாதது சகஜம் என்பதால் இரண்டு பக்கமும் எண்ண வேண்டும். தகடே இல்லாமல், தோல் போர்த்து நீள வரம்புகள் ஓடினால் அது ஏழுவரி.

அளப்பதற்கு முன் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. செத்ததையும் நாமாகத் தொடக்கூடாது.

கழுத்துக்குப் பின்னே ஓட்டின் நடு விளிம்பிலிருந்து வாலுக்கு மேலுள்ள கடைசி நுனி வரை டேப்பை வளைவோடு படியவிட்டால் கிடைப்பது வளைவு நீளம். கவைக்கோலால், அதாவது இரு முனைகளையும் கவ்வி நேர்தூரம் அளக்கும் காலிபரால் எடுத்தால் நேர் நீளம். அது சில செ.மீ. குறையும். எந்த முறை என்று குறிக்காத எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது. துணி டேப் நனைந்தால் இழுபடும், ஃபைபர் டேப் நல்லது. டேப்புக்கு அடியில் கொட்டலசு (ஓட்டில் ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) ஒட்டியிருந்தால் நீளம் கூடிவிடும். ஏழுவரி ஆமையில் நடு வரம்பின் முகட்டில் டேப் வழுக்கும். வரம்பை ஒட்டி ஓரமாக வையுங்கள். படகு அடித்துப் பின்விளிம்பு உடைந்திருந்தால் அதையும் எழுதி வையுங்கள், இல்லையென்றால் பெரிய ஆமை சிறியதாகப் பதிவாகிவிடும்.