சிபி மீறலைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு: முதலில் கேயான்

துகளை எதிர்த்துகளாக மாற்றி (சி), இட வலத்தையும் கண்ணாடி போல மாற்றினாலும் (பி) இயற்பியல் விதிகள் மாறாது என்பது சிபி சமச்சீர்மை. அது உடைவதே சிபி மீறல். அதை முதலில் காட்டிக்கொடுத்தது கேயான் என்னும் நிலையற்ற துகள். முனைவர் பட்ட நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "கே-லாங் ஏன் கே-ஷார்ட்டைவிட ஏறத்தாழ 570 மடங்கு நேரம் நீடிக்கிறது?" இரண்டும் நடுநிலைக் (மின்னூட்டமற்ற) கேயானின் நீண்ட ஆயுள், குறு ஆயுள் வடிவங்கள். 1964-இல் குரோனினும் ஃபிட்சும் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் நடத்தி, சிபி மீறலைக் கண்ட சோதனையை வரி பிசகாமல் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். கேள்வியோ அதற்கு முந்தைய படியில் இருந்தது. சாக்பீஸும் கையுமாக நின்றேன்.

"நிறைகளை எழுதிப் பாருங்கள்" என்றார் ஒரு பேராசிரியர். எழுதினேன். நடுநிலைக் கேயான் 498 எம்இவி (நிறையை ஆற்றலாகச் சொல்லும் அலகு). அது சிதைந்தால் வரும் இலகுவான துகள்கள் பையான்கள். மின்னூட்டம் கொண்ட இரண்டு பையான்கள் சேர்ந்து 279, மிச்சம் 219. நடுநிலைப் பையான் ஒன்றும் சேர்ந்தால் 414, மிச்சம் வெறும் 84. கே-ஷார்ட் இரண்டு பையான் வழியில் சட்டென்று சிதைகிறது. சிபி சமச்சீர்மை முழுமையாக இருந்தால் கே-லாங்குக்கு இரண்டு பையான் வழி அடைபட்டுவிடும். மூன்று பையான் வழியில் பகிர்ந்துகொள்ள மிஞ்சும் ஆற்றல் குறைவு, அதனால் அது மெதுவானது. லெப்டான்கள் (எலெக்ட்ரான், மியூவான் போன்ற துகள்கள்) வரும் வழியும் மெதுவானதுதான். அதனால்தான் அதற்கு நீண்ட ஆயுள். அடைபட்ட அந்த வழியில் ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு கேயான்கள் போயின என்பதே 1964-இன் கண்டுபிடிப்பு. அதன் கனம் எனக்கு அந்தக் கரும்பலகை முன்னால்தான் உறைத்தது.

அரிய சிதைவுகளையும் இப்படியே அணுகுங்கள். எத்தனை கோடியில் ஒன்று என்று மனப்பாடம் செய்வதைவிட, எது தடுக்கிறது என்று கேளுங்கள். கே-லாங் இரண்டு மியூவான்களாகச் சிதைவது நூறு கோடியில் ஏழு முறை மட்டுமே. இந்தத் தடையை விளக்கத்தான் 1970-இல் கிளாஷோ, இலியோபுலோஸ், மையானி மூவரும் குவார்க்குகளில் (கேயான் போன்ற துகள்களை ஆக்கும் அடிப்படைத் துகள்கள்) நான்காவது ஒன்றைக் கையில் எடுத்தார்கள். அந்த நான்காவதான சார்ம் குவார்க் 1974-இல் வெளிப்பட்டது.

நெட் (உதவிப் பேராசிரியர் தகுதி) தேர்வு மட்டும் எழுதுபவர்களுக்கு சி, பி, டி (காலத்தைப் பின்னோக்கித் திருப்புதல்) மாறாமையும் அழிவின்மை விதிகளும் போதும். ஆராய்ச்சிக்கு வருபவர்கள் ஒரு கணக்கை வெறுந்தாளில் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்: குவார்க் கலப்பு அணியில் (ஒரு குவார்க் இன்னொன்றாக மாறும் வலிமைகளின் எண் அட்டவணை) எத்தனை கட்டங்கள் (கலப்பெண்ணின் கோணம், phase) மிஞ்சும்? ஒன்றாவது மிஞ்சினால்தான் அதில் சிபி மீறல் வரும். மூன்று தலைமுறைக்கு (தலைமுறைக்கு இரண்டு குவார்க்) மொத்தம் 9 எண்கள், அவற்றில் 3 கோணங்கள், மீதி 6 கட்டங்கள். ஆறு குவார்க்குகளின் கட்டங்களையும் கழித்தேன், பூஜ்யம் வந்தது. அப்படியானால் சிபி மீறலே இருக்காது! இரண்டு நாள் கழித்துத்தான் பிழை தெரிந்தது. எல்லாக் குவார்க்குகளையும் ஒன்றாகத் திருப்பும் பொதுக் கட்டம் அணியைத் தொடுவதே இல்லை. கழிக்க வேண்டியது 5. மிஞ்சுவது 1. மூன்று குவார்க்குகளுக்கு மட்டுமே சான்று இருந்த 1973-இல், கோபயாஷியும் மஸ்காவாவும் ஆறு வேண்டும் என்று எழுதியது இந்த ஒன்றுக்காகத்தான்.