ஒரு வரியை மாற்ற மூன்று பதிப்புகள்: லினக்ஸ் கர்னலுக்கு நான் அனுப்பிய முதல் பேட்ச்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் மூல நிரலுக்கு நான் அனுப்பிய முதல் பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, ஒரே ஒரு வரியைத்தான் மாற்றியது. 2024 மார்ச் மாதம் அனுப்பிய அந்த வரி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கிளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மே மாதம் முடியும் தறுவாயில் இருந்தது.

எழுத்துப்பிழைகளையும் இடைவெளிகளையும் சரிசெய்து தொடங்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். கர்னலுடன் வரும் செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்டை எந்தப் பழைய கோப்பின் மீது ஓட்டினாலும் குறைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடும். ஆனால், இன்னும் செப்பனிட வேண்டிய நிரல்களுக்கான ஸ்டேஜிங் அடைவுக்கு வெளியே இத்தகைய திருத்தங்களை, கர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான பராமரிப்பாளர்கள் பலரும் விரும்புவதில்லை. ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றில் தேடிப் போகிறவருக்கு, அதை எழுதியவரின் விளக்கத்திற்குப் பதிலாக இடைவெளி திருத்தியவரின் பெயர்தான் முதலில் அகப்படும்; பழைய பதிப்புகளுக்கு ஒரு வழுத்திருத்தத்தைக் கொண்டுபோகும்போதும் சுற்றியுள்ள வரிகள் மாறியிருப்பதால் பேட்ச் பொருந்தாமல் போகும். ஆகவே, இனிப் பயன்படுத்தக் கூடாதவை என்று கர்னல் ஆவணங்களே குறித்திருக்கும் செயற்கூறுகளில் ஒன்றான, சரங்களை (எழுத்துத் தொடர்களை) நகலெடுக்கும் ஸ்ட்ர்-என்-காப்பியை மாற்றுவதைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பங்காளியான ஸ்ட்ர்-எல்-காப்பி அப்போதுதான் 6.8 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டிருந்தது.

ஒரு சாதன இயக்கியில், சாதனத்தின் பெயரை 32 பைட் கொண்ட ஒரு புலத்தில் நகலெடுக்கும் வரி கண்ணில் பட்டது. ஸ்ட்ர்-என்-காப்பியின் குறை எல்லாரும் அறிந்ததுதான்: மூலச் சரம் புலத்தின் அளவுக்குச் சமமாகவோ அதைவிட நீளமாகவோ இருந்தால், முடிவைக் காட்டும் சுழியத்தை அது எழுதாது; அடுத்துப் படிக்கும் செயற்கூறு எல்லை தாண்டி ஓடும். அதற்கு மாற்றான ஸ்ட்ர்-எஸ்-காப்பி எப்போதும் சுழியத்தை எழுதி முடிக்கும், சரம் வெட்டுப்பட்டால் பிழை எண்ணையும் திருப்பித் தரும். மாற்ற வேண்டியது இரண்டு எழுத்துகூட இல்லை என்ற தெம்பில், அரை மணி நேரத்தில் பேட்சை முடித்துவிட்டேன்.

அனுப்புவதிலேயே முதல் சறுக்கல். யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் கெட்-மெயின்டெய்னர் என்ற ஸ்கிரிப்ட் சொல்லிவிட்டது. நானோ வழக்கமாகப் பயன்படுத்தும் இணைய அஞ்சல் பக்கத்தில் பேட்சை ஒட்டி அனுப்பினேன். டேப் குறிகள் எல்லாம் வெற்று இடைவெளிகளாக மாறிப்போயின. எனக்கே திரும்பி வந்த பிரதியைக் கோப்பில் பொருத்திப் பார்த்தபோது கிட் அதை ஏற்க மறுத்தது. கிட் தரும் அஞ்சல் கட்டளையை அமைத்து அதே நாள் மறுபடி அனுப்பினேன். 6.8 வெளியான மறுநாள் அது. அதாவது, அடுத்த பதிப்புக்கான மாற்றங்கள் குவியும் இரண்டு வாரச் சேர்ப்புக் காலம் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் புதியவரின் ஒரு வரியை யார் பார்ப்பார்கள்? இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை.

6.9-இன் முதல் சோதனைப் பதிப்பு மார்ச் 24 அன்று வந்தபின் பதில் வந்தது, ஒரே ஒரு கேள்வியாக: இந்தக் கட்டமைப்பு (அந்தப் புலம் அடங்கிய தரவுத் தொகுப்பு) பயனர் பக்கத்துக்கு, அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களுக்கு, போகிறதா?

கேள்வி புரியவே எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. ஸ்ட்ர்-என்-காப்பிக்கு இன்னொரு பழக்கம் உண்டு. மூலச் சரம் குட்டையாக இருந்தால், மீதமுள்ள இடம் முழுவதையும் அது சுழியத்தால் நிரப்பிவிடும். ஸ்ட்ர்-எஸ்-காப்பி அப்படிச் செய்யாது. நான் தொட்ட கட்டமைப்பு ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தில் தொடக்க மதிப்பு எதுவும் இல்லாமல் அறிவிக்கப்பட்டு, பெயர் நிரப்பப்பட்டு, அப்படியே பயனரின் நிரலுக்கு நகலெடுத்துத் தரப்பட்டது. பெயருக்கு ஒன்பது எழுத்து, சுழியத்துக்கு ஒரு பைட் போக, எஞ்சிய 22 பைட்டுகளில் கர்னல் ஸ்டாக்கில் முன்பு கிடந்தது எதுவோ அது வெளியே போயிருக்கும். பழைய செயற்கூறு தற்செயலாக அடைத்து வைத்திருந்த ஓட்டையை, பாதுகாப்பின் பெயரால் நான் திறந்துவிடப் பார்த்திருக்கிறேன். கம்பைலர் எச்சரிக்கவில்லை, செக்பேட்ச் முணுமுணுக்கவில்லை, சாதனமும் ஒழுங்காகவே வேலை செய்தது. கட்டமைப்பு கே-இசட்-அலாக் என்ற செயற்கூறு மூலம் சுழியமாக்கப்பட்ட நினைவகத்திலிருந்து வந்திருந்தால் சிக்கல் எழுந்திருக்காது; வரியை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

மீதியை நிரப்பித் தரும் ஸ்ட்ர்-எஸ்-காப்பி-பேட் என்ற செயற்கூறுக்கு மாற்றி இரண்டாம் பதிப்பை அனுப்பினேன். இம்முறை நிரலைப் பற்றிக் குறை சொல்ல யாரும் இல்லை. விளக்கக் குறிப்புதான் திரும்பி வந்தது. பழைய செயற்கூறு கைவிடப்பட்டது, ஆகவே மாற்றுகிறேன் என்று மட்டும் எழுதியிருந்தேன். புலம் எங்கே நிரப்பப்படுகிறது, யார் படிக்கிறார்கள், நிரப்புதல் ஏன் தேவை என்பவற்றை எழுதச் சொன்னார்கள். மூன்றாம் பதிப்பில் ஒரு வரி மாற்றத்துக்குப் பதினான்கு வரி விளக்கம் இருந்தது. பதிப்புகளுக்கு இடையே என்ன மாறியது என்ற குறிப்பை மட்டும், விளக்கத்தின் முடிவைக் காட்டும் மூன்று சிறு கோடுகளுக்குக் (---) கீழே வைத்தேன். அதற்குக் கீழே இருப்பது வரலாற்றில் பதிவாகாது. அந்தக் கோடுகளுக்கு மேலே என் கையொப்ப வரி. இந்த நிரலைத் தரும் உரிமை எனக்கு உண்டு என்று உறுதிகூறும் அந்த வழக்கம், தனது யூனிக்ஸ் நிரல் லினக்ஸில் சேர்க்கப்பட்டதாகச் சொல்லி எஸ்.சி.ஓ. நிறுவனம் 2003-இல் ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்ததற்குப் பிறகு, 2004-இல் வந்தது.

ஏப்ரலில் ஒருவர் பார்வையிட்டதாகக் குறிப்புச் சேர்த்தார். துணைப்பிரிவின் பராமரிப்பாளர் அதைத் தம் கிளையில் எடுத்துக்கொண்டார். சில நாட்களில், அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை ஒன்றுசேர்த்துச் சோதிக்கும் லினக்ஸ்-நெக்ஸ்ட் கிளையிலும் தெரிந்தது. மே 26 அன்று 6.10-இன் முதல் சோதனைப் பதிப்பு வெளிவந்தபோது, அதை இறக்கி அந்த வரியைத் தேடிப் பார்த்தேன்.

அதே இயக்கியின் இன்னொரு கோப்பில் ஸ்ட்ர்-என்-காப்பி மேலும் நான்கு இடங்களில் இருந்தது. மூன்று இடங்களில் நினைவகம் சுழியமாக்கப்பட்டே வருகிறது. அவற்றுக்கான பேட்ச் எளிதாகவே போய்விட்டது. நான்காவது புலத்தைச் சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேர் நேரடியாகப் படிக்கிறது. முடிவுச் சுழியம் இல்லாத முழு அளவுப் பெயரை அது எதிர்பார்க்கிறதா என்று சொல்லும் ஆவணம் கிடைக்காததால், அந்த வரியை நான் தொடவில்லை.